பெரிய எழுத்தும் சின்னக் கைகளும்

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த முதல் வாரம். யு.கே.ஜி. படிக்கும் என் பேத்தியின் டைரியில் ஆசிரியை இரண்டு வரி எழுதி அனுப்பியிருந்தார். கேப்பிடல் எழுத்துகளைக் குழந்தை திருப்பித் திருப்பிப் போடுகிறாள். வீட்டில் இன்னொரு மொழி கற்பிப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தால் நல்லது. இதுதான் செய்தி.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் பேச்சு முழுவதும் இதைப் பற்றியே. மருமகள் சொன்னாள்: "மாமா, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு கொஞ்ச நாள் வேண்டாமே. ஸ்கூல்ல இங்கிலீஷ், ஹிந்தி. கீழ் வீட்டுல மராட்டி. நம்ம வீட்டுல தமிழ். சின்னக் குழந்தை, எத்தனையைத்தான் தாங்கும்?" மகனும் தலையசைத்தான். அவர்கள் கவலை நியாயமானது. நாக்பூரில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இதே கவலையை நம் சங்கத்தின் பல குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். அப்படித் தமிழை நிறுத்திய வீடுகளில், மீண்டும் தொடங்கிய வீடு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஆகவேதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

அதற்கு முன் நான் செய்த தவறை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேத்தியின் பெயர் ஆங்கிலத்தில் 'என்' என்ற எழுத்தில் தொடங்கும். அந்த எழுத்தின் சாய்கோட்டை அவள் கீழிருந்து மேலாகப் போட்டுவிடுவாள். "நான் சரி செய்கிறேன் பார்" என்று நோட்டை எடுத்து, தினமும் ஒரு பக்கம் முழுக்க 'என்' எழுத வைத்தேன். மூன்றாம் நாள் ரப்பரால் அழித்து அழித்துத் தாளே கிழிந்தது. ஐந்தாம் நாள் நோட்டை எடுத்ததுமே வயிற்று வலி என்றாள். ஆறாம் நாள், "எனக்கு என் எழுத்து வேண்டாம், தாத்தா" என்று சொல்லிவிட்டுப் பாட்டியின் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் சொன்னது ஆங்கில எழுத்தைத்தான். ஆனால் என் காதில் அது வேறு பொருளில் விழுந்தது. அன்றே நோட்டை மூடி வைத்தேன்.

ஒரு சிறு விளக்கம். ஆங்கில எழுத்துகளின் பெயரைத் தமிழில் எழுதும்போது 'பி' இரண்டு வரும், 'டி'யும் இரண்டு வரும். குழப்பம் வராமல் இருக்க 'பஸ்'ஸில் வருவதை 'பஸ் பி' என்றும், 'பென்'னில் வருவதை 'பென் பி' என்றும் சொல்கிறேன். அதே போல் 'டாக்டர் டி', 'டிரெயின் டி'. இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமல்ல, குழந்தைகளுக்கும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் திருப்பிப் போடுகிறார்கள்?

நோட்டை மூடிய பிறகு பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் சரக்கு வாகன்கள் பழுது பார்க்கும் பணியில் இருந்தபோது, வாகன்களின் பக்கவாட்டில் குறியீடு எழுதுவதற்குத் தகரத்தில் வெட்டிய ஸ்டென்சில் தகடுகள் இருக்கும். ஓர் எழுத்துக்கு ஒரு தகடு. நிலக்கரி ஏற்றும் திறந்த வாகனுக்கு 'பஸ் பி, ஓ, எக்ஸ், என்' என்ற நான்கு எழுத்துகள். புதிதாக வந்த பெயிண்டர் ஒருவர் ஒரு நாள் நான்கு தகடுகளையும் பின்பக்கம் முன்னால் வருமாறு வைத்து அடித்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், 'ஓ'வும் 'எக்ஸு'ம் சரியாகவே இருந்தன. 'பஸ் பி'யும் 'என்'னும் மட்டும் கண்ணாடியில் பார்த்தது போல் திரும்பி நின்றன. எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவருக்கு எழுத்துத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. தகடு திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

குழந்தையின் மூளையிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. பிறந்ததிலிருந்து அது கற்றுக்கொண்ட பாடம் என்ன? பசுமாடு இடப்பக்கம் பார்த்து நின்றாலும் பசுமாடுதான், வலப்பக்கம் பார்த்து நின்றாலும் பசுமாடுதான். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாலும் டம்ளர்தான். பொருளை அடையாளம் காண இடமா வலமா என்பது தேவையில்லை. இப்படி வலம் இடத்தைப் பொருட்படுத்தாமல் பார்ப்பது மனித மூளையின் இயல்பான திறமை. நாலு வயதில் முதல் முறையாக எழுத்து என்ற ஒன்று வந்து, "என்னைத் திருப்பினால் நான் நானில்லை" என்கிறது. பழைய பாடத்தை மறந்து புதுப் பாடம் கற்கக் குழந்தைக்கு நாள் பிடிக்கிறது. ஆறு ஏழு வயது வரை கண்ணாடி எழுத்து எழுதுவது சாதாரணம் என்றுதான் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

முக்கியமான செய்தி, இது ஒரே மொழி, ஒரே எழுத்து மட்டும் கற்கும் குழந்தைகளிடமும் காணப்படுகிறது. வீட்டில் ஆங்கிலம் தவிர வேறெதுவும் பேசாத நாட்டுக் குழந்தைகளும் 'எஸ்'ஸைத் திருப்பித்தான் போடுகிறார்கள். ஆகவே பழியைத் தமிழ் மேல் போடுவது சரியல்ல. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயது வரையிலான பருவத்தை ஒரே அடித்தளக் கட்டமாக வைத்து, விளையாட்டு வழியில் கற்பிக்கவும், வீட்டு மொழிக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது.

பெரிய எழுத்துகளின் இனம்

நாங்கள் டிப்ளமா முதலாண்டில் என்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் முதலில் கற்றது எழுத்து எழுதத்தான். பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் மீண்டும் ஏ, பி, சி, டி எழுதினோம்! எச் பென்சிலால் மேலும் கீழும் மெல்லிய கோடு இழுத்து, அதன் நடுவே எழுத வேண்டும். உயரம் 2.5, 3.5, 5, 7, 10, 14, 20 மில்லிமீட்டர் என்று வரையறுக்கப்பட்டிருக்கும். வரைபடத்தில் ஏன் எல்லாமே கேப்பிடல்? பிரதி எடுக்கும்போது சின்ன எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், பெரிய எழுத்து தெளிவாக நிற்கும் என்பதே காரணம். அன்று கற்றது பேத்திக்கு உதவும் என்று நினைக்கவில்லை.

அந்தக் கண்ணோடு பார்த்தால் 26 பெரிய எழுத்துகளும் மூன்று குடும்பம். நேர்கோடுகளால் மட்டும் ஆனவை 15. வளைவு மட்டும் கொண்டவை சி, ஓ, எஸ் என்ற 3. இரண்டும் கலந்தவை 8. நேர்கோட்டு எழுத்து 15-லும் ஈ, எஃப், எச், ஐ, எல், டிரெயின் டி ஆகிய ஆறில் சாய்கோடே கிடையாது. மீதி ஒன்பதில் சாய்கோடு உண்டு.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஏ, எச், ஐ, எம், ஓ, டிரெயின் டி, யூ, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆகிய 11 எழுத்துகளைக் கண்ணாடியில் காட்டினாலும் மாறாது. ஸ்டென்சிலை எப்படி வைத்து அடித்தாலும் சரிதான். மற்ற 15 எழுத்துகள்தான் திரும்பும். குழந்தை தவறு செய்வது அந்தப் பதினைந்தில் மட்டுமே. "எல்லா எழுத்தையும் திருப்புகிறாள்" என்று நாம் பதறுவது எவ்வளவு மிகை என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

ஏன் பெரிய எழுத்தில் தொடங்குகிறார்கள் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், கோட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. எந்தப் பெரிய எழுத்தைத் திருப்பினாலும் அது இன்னொரு பெரிய எழுத்தாகிவிடாது. சின்ன எழுத்தில் அப்படியில்லை. வட்டமும் குச்சியும் சேர்ந்த ஒரே உருவம், குச்சி எந்தப் பக்கம், மேலா கீழா என்பதைப் பொறுத்து பஸ் பி, டாக்டர் டி, பென் பி, கியூ என நான்கு எழுத்தாகிறது. பெரியவர்களையே தடுமாற வைக்கும் ஏற்பாடு அது.

சரித்திரப்படியும் பெரியவைதான் மூத்தவை. ரோம் நகரில் கி.பி. 113-இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் கல்வெட்டில் இருப்பவை எல்லாம் பெரிய எழுத்துகளே. கல்லில் உளியால் வெட்டுவதற்கு அவையே தோது. கையால் வேகமாக எழுத எழுத உருண்டு வந்த சின்ன எழுத்துகள், ஏறத்தாழ கி.பி. 800 வாக்கில்தான் ஐரோப்பாவில் ஒரு ஒழுங்குக்கு வந்தன. 'கேப்பிடல்' என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லின் பொருள் 'தலை'.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கதைப் புத்தகத்தில் பெரும்பாலும் இருப்பவை சின்ன எழுத்துகளே. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, இரண்டாம் உலகப் போர்க் காலம் முழுவதும் நம் நாட்டிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையில் முதலில் கற்பிப்பது சின்ன எழுத்தைத்தான். என் அனுபவத்தில் கைக்குப் பெரிய எழுத்தும், கண்ணுக்கு இரண்டும் என்று வைத்துக்கொண்டால் சரியாக வருகிறது. எழுதுவது பெரிய எழுத்து. படித்துக் காட்டும் புத்தகத்தில் எதுவோ அது.

தரையிலிருந்து தாளுக்கு

நான் பின்பற்றிய வரிசையைச் சொல்கிறேன். தினமும் பத்து நிமிடம், அதற்கு மேல் கிடையாது.

முதல் இரண்டு வாரம் எழுத்தே இல்லை. பால்கனித் தரையில் சாக்பீஸால் ஓர் அடி உயரத்துக்குக் கோடுகள் மட்டும். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், ஒரு வட்டம், ஒரு கூட்டல் குறி. குழந்தைகளுக்குச் செங்குத்துக் கோடும் படுக்கைக் கோடும் மூன்று வயதை ஒட்டி வந்துவிடும். வட்டமும் அப்படியே. கூட்டல் குறிக்கு நாலு வயது ஆகும். சாய்கோடு அதற்கும் பின்னால்தான். முக்கோணம் ஒழுங்காக வர ஐந்து வயது தாண்டும். என் பேத்திக்கு 'என்' வராததற்கு இதுவும் ஒரு காரணம். கையில் சாய்கோடே இன்னும் ஊன்றாத குழந்தையிடம் சாய்கோட்டு எழுத்தைப் பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறேன்!

அடுத்தது வரிசை. அகர வரிசையில் கற்பிக்கத் தேவையில்லை. அதைப் பாட்டாகச் சொல்லட்டும், எழுதுவது வேறு வரிசை.

ஒன்று: எல், டிரெயின் டி, ஐ, எச், எஃப், ஈ. நிற்கும் கோடும் படுத்த கோடும் போதும். தீக்குச்சியை அடுக்கியே செய்து காட்டலாம் (மருந்து முனையைக் கிள்ளி எறிந்துவிட்டு).

இரண்டு: ஓ, சி, கியூ, ஜி. வட்டத்தை மேலே, கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் இடத்தில் தொடங்கி இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றிப் பழகினால் பின்னால் கூட்டெழுத்து எழுதும்போது கை முரண்டு பிடிக்கும்.

மூன்று: டாக்டர் டி, பென் பி, பஸ் பி, ஆர், யூ, ஜே. முதல் நான்குக்கும் ஒரே விதி: "முதலில் கம்பம், அப்புறம் தொப்பை. தொப்பை வலப்பக்கம்." நின்ற கோட்டை முதலில் போட்டுவிட்டால் திருப்புவது பாதி குறைந்துவிடுகிறது.

நான்கு: வி, ஏ, எக்ஸ், டபிள்யூ, எம், என், ஒய், இசட், கே. எல்லாம் சாய்கோடு. இவற்றுக்கு அவசரமே வேண்டாம்.

ஐந்து: எஸ். அதற்குத் தனி வாரம்.

பேத்தியின் பெயர் 'என்'னில் தொடங்குவதால் அவளுக்கு இந்த வரிசையில் பொறுமை இல்லை. அவளுக்காக மட்டும் ஒரு தந்திரம் செய்தேன். 'என்' என்பது இரண்டு கம்பம், நடுவில் ஒரு சறுக்குமரம். "சறுக்குமரத்துல எங்கிருந்து சறுக்குவே?" "மேலேர்ந்து." "முதல் கம்பத்தின் உச்சியிலிருந்து இரண்டாவது கம்பத்தின் காலுக்குச் சறுக்கு." மூன்று நாளில் அந்தக் கோடு நின்றுவிட்டது. பத்துப் பக்கம் செய்யாததை ஒரு சறுக்குமரம் செய்தது.

தரைக்குப் பிறகு சிலேட்டு. சிலேட்டில் இரண்டு அங்குல உயரம். அதன் பிறகே தாளும் பென்சிலும். எழுதுகோல் நீளமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் ஓர் அங்குலத் துண்டு சாக்பீஸ், உடைந்த பல்பம், குட்டை கிரேயான் இவைதான் நல்லது. முழுக் கையாலும் பிடிக்க இடமில்லாததால் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தானாகவே சேர்ந்து சரியான பிடி வந்துவிடும். இடக்கைப் பழக்கம் உள்ள குழந்தையை மாற்ற முயல வேண்டாம். தாளைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வைத்தால் போதும்.

பாட்டியும் தன் பங்குக்குத் தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, விரலால் எழுத வைத்தாள். "விஜயதசமி அன்னிக்கு அரிசியில எழுதறதில்லையா, அது மாதிரிதான்" என்றாள். மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் எழுத்து வெட்டி ஒட்டிக் குழந்தைகளைத் தடவச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். கண்ணால் மட்டும் கற்கும் எழுத்தைவிட விரலும் சேர்ந்து கற்கும் எழுத்து மனதில் நிற்கிறது. அரிசித் தாம்பாளத்தை ஒரு நாள் சடங்கோடு நாம் மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பல எழுத்து வீட்டுக் குழந்தைகள்

தமிழ் காரணமில்லை என்று சொன்னேன். ஆனாலும் பல எழுத்துகள் புழங்கும் வீட்டில் சில தனிச் சிக்கல்கள் உண்டு. தெரிந்துகொண்டால் பயமில்லை.

முதலாவது, தலைக்கோடு. ஹிந்தியும் மராட்டியும் மேல்கோட்டிலிருந்து தொங்கும் எழுத்துகள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் கீழ்க்கோட்டில் நிற்பவை. பேத்தி ஒரு நாள் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, அதன் தலையில் ஒரு நீண்ட கோடு இழுத்தாள்! திட்டாமல், "ஹிந்தி எழுத்து துணி காயப்போட்ட மாதிரி கொடியில தொங்கும். இங்கிலீஷ் எழுத்து பிளாட்பாரத்துல நிக்கும். தமிழ் எழுத்து சம்மணம் போட்டு உட்காரும்" என்றேன். இன்று வரை அதை அவள் மறக்கவில்லை.

இரண்டாவது, பெயரும் ஒலியும். தமிழில் 'க' என்ற எழுத்தின் பெயரும் 'க', ஒலியும் 'க'. ஆங்கிலத்தில் 'சி' என்பது பெயர். 'கேட்' என்ற சொல்லில் அதன் ஒலி 'க்'. எச், டபிள்யூ இரண்டின் பெயரில் அவற்றின் ஒலி தொடக்கத்தில் இருப்பதே இல்லை. தமிழ் கற்ற குழந்தை "சி, ஏ, டி என்றால் சியேட்டிதானே?" என்று கேட்டால் அது மந்தம் அல்ல, தர்க்கம். பெயரை ஒரு முறையும் ஒலியை ஒரு முறையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முன்பு சொன்ன இரண்டு 'பி', இரண்டு 'டி'. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாடு கிடையாது, இடத்தைப் பார்த்து ஒலிக்கிறோம். தாத்தா பாட்டி வாயில் இரண்டும் ஒன்றாகவே வரும். ஹிந்தியில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. ஆக, இங்கே ஹிந்தி தெரிந்திருப்பது ஆங்கிலத்துக்கு உதவுகிறது. அதே போல் தமிழின் 'ட' தெரிந்த குழந்தைக்கு 'எல்' புதிதல்ல. 'ப' தெரிந்த குழந்தைக்கு 'யூ' பாதி தெரியும். ஒன்று இன்னொன்றை அழிப்பதில்லை.

ரயிலே பள்ளிக்கூடம்

பெரிய எழுத்துகளுக்கு ரயிலைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. என் பிழைப்பு அதில் ஓடியதால் சொல்லவில்லை. ஊருக்குப் போகும் நம் குழந்தைகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு முழு நாள் ரயிலில் உட்காருகிறார்கள். பெட்டிக்கு வெளியே ஸ்லீப்பருக்கு எஸ், மூன்றடுக்கு ஏ.சி.க்கு பஸ் பி, இரண்டடுக்குக்கு ஏ, முதல் வகுப்புக்கு எச். நிலையப் பலகையில் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து, அதுவும் பல லிபிகளில் ஒன்றன் கீழ் ஒன்றாக. லெவல் கிராசிங்குக்கு முன்னால் டிரைவரை விசில் ஊதச் சொல்லும் பலகையில் டபிள்யூவும் எல்லும். பல வண்டிகளின் கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய எக்ஸ். கூடவே எல், வி என்று சிறு பலகை. வண்டி முழுதாகப் போய்விட்டது, பாதியில் கழன்று நிற்கவில்லை என்று நிலையத்தார் அறிய அதுவே அடையாளம்.

டிக்கெட்டில் நிலையக் குறியீடுகளும் உண்டு. நாக்பூருக்கு என், ஜி, பென் பி. பல்லார்ஷாவுக்கு பஸ் பி, பென் பி, கியூ. சென்னை சென்ட்ரலுக்கு இன்றும் எம், ஏ, எஸ்தான். ஊர் பெயர் மாறினாலும் மெட்ராஸ் அந்த மூன்று எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. கடந்த கோடையில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் போகும்போது, "உன் பெயரில் உள்ள எழுத்து எந்தெந்தப் பலகையில் வருகிறது?" என்பதே விளையாட்டு. வார்தாவைத் தாண்டுமுன் பேத்தி நாலு எழுத்து பிடித்துவிட்டாள். ரயிலில் போகாத நாளில் ஸ்கூட்டர் நம்பர் பிளேட், மருந்துக் கடைப் பலகை, பிஸ்கட் உறை எல்லாம் பாடம்தான்.

எங்கே பெரியது, எங்கே சின்னது?

பெரிய எழுத்து என்ற ஒன்றே தமிழிலும் இல்லை, ஹிந்தியிலும் இல்லை. ஆகவே "ஏன் ஒரே எழுத்துக்கு இரண்டு உருவம்?" என்று குழந்தை கேட்பது நியாயம். அந்தக் கால அச்சகங்களில் பெரிய எழுத்து அச்சுகளை மேல் பெட்டியிலும் சின்னதைக் கீழ்ப் பெட்டியிலும் வைத்திருந்ததால்தான் 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்ற பெயர்கள் வந்தன என்று கதையாகச் சொல்லலாம். சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஏழும் அளவில் மட்டும் மாறும். ஏ, டாக்டர் டி, ஈ, ஜி, கியூ, ஆர் போன்றவை உருவமே மாறும். அவற்றை 'அம்மா எழுத்து, குட்டி எழுத்து' என்று ஜோடி சேர்த்துக் காட்ட வேண்டும்.

விதி எளிது: வாக்கியத்தின் தொடக்கம், ஆள் பெயர், ஊர் பெயர், கிழமை, மாதம். இவை தவிர ஒரு வேடிக்கை விதி உண்டு. 'நான்' என்பதற்கான 'ஐ' எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. 'நீங்கள்' என்பதற்கு அந்த மரியாதை இல்லை. நம் மொழியில் மரியாதை எதிரில் இருப்பவருக்கு. இதை என் பேத்தியின் அம்மாவே மிகவும் ரசித்தாள்.

முழுதும் பெரிய எழுத்தில் எழுத வேண்டிய இடமும் உண்டு. ரயில்வே முன்பதிவுப் படிவம் முதல் வங்கிப் படிவம் வரை 'பிளாக் லெட்டர்ஸ்' என்று கேட்கிறார்கள். என் பெயரில் ஒரு 'யூ'வை ஓர் அலுவலகத்தில் 'வி' என்று படித்துப் பதிந்துவிட்டார்கள்; ஓய்வு பெற்ற பிறகு அதைத் திருத்த நான் அலைந்தது ஐந்து மாதம். அடிப்பாகம் வளையாமல் கூராகப் போன என் கையெழுத்துதான் காரணம்!

எப்போது கவலைப்பட வேண்டும்?

ஏழெட்டு வயதுக்குப் பிறகும் எழுத்து திரும்பிக்கொண்டே இருந்தாலோ, எழுத்தையும் அதன் ஒலியையும் இணைக்கவே குழந்தை திணறினாலோ முதலில் கண் பரிசோதனை, காது பரிசோதனை. பிறகு குழந்தை மருத்துவர் வழியாகத் தகுந்த நிபுணர். கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமே அங்கீகரித்திருக்கிறது. மறைக்க வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் ஐந்து வயதுக் குழந்தை ஒரு 'எஸ்'ஸைத் திருப்பினால் அது நோய் அல்ல. திருப்பிய எழுத்துக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போடாமல், பக்கத்திலேயே சரியான எழுத்தை எழுதி, "இரண்டில் எது சரி, நீயே சொல்" என்று கேளுங்கள். ஒரு பக்கத்தில் அழகாக வந்த எழுத்து எது என்று குழந்தையையே வட்டம் போடச் சொல்லுங்கள். தண்டனையாக எழுத வைக்கவே வேண்டாம். எழுத்தைத் தண்டனையாக்கினால் எழுத்தின் மேலேயே வெறுப்பு வரும் என்பதற்கு நானே சாட்சி.

இதையெல்லாம் மருமகளிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. "மூன்று மாதம் கொடு. தமிழ் வகுப்பும் இருக்கட்டும். சரியாகவில்லை என்றால் நீ சொல்வது போல் செய்வோம்" என்றேன். பொங்கலுக்குள் பெயர் ஒழுங்காக வந்தது. பிப்ரவரியில் பெற்றோர் கூட்டத்துக்கு மருமகளே போனாள். ஆசிரியையிடம் சண்டை போடவில்லை. ஸ்டென்சில் கதையையும் சறுக்குமரத்தையும் சொல்லியிருக்கிறாள். நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் அந்த ஆசிரியை சிரித்துவிட்டு, சறுக்குமரத்தைத் தன் வகுப்பிலும் சொல்லிப் பார்க்கிறேன் என்றாராம்.

'எஸ்' இன்னும் சில நாள் திரும்பித்தான் வருகிறது. வரட்டும். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டிடத்தில் 'ங'வுடன் அவள் போராடுகிறாள். பெரியவர்களே இன்றும் ஒழுங்காக எழுதாத எழுத்து அது. அந்த வகுப்பில் இப்போது பதினோரு குழந்தைகள். இன்னும் இடமிருக்கிறது, உங்கள் வீட்டுக் குழந்தையையும் அனுப்பி வையுங்கள். சாக்பீஸ் துண்டுகள் என் பொறுப்பு.